ஆணி மாற்றும் நேரம்

திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்தில் இன்று பின்னேரம் பயிற்சி கொடுக்கும் சேர் ஒருவர் ஓட்டச் சப்பாத்தின் அடி ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெறுங்காலோடு அந்தப் பிள்ளை. உயரம் பாய்தல். தேசிய மெய்வல்லுநர் போட்டிக்குக் கொழும்பு போகிறாள்.

புல்லில் ஓட நீள ஆணி வேண்டும். கொழும்பில் செயற்கைத் தடம். அதில் ஆணி நீளத்துக்குப் பொதுவாக 9 மில்லிமீற்றர்தான் எல்லை. உயரம் பாய்தலுக்கும் ஈட்டிக்கும் மட்டும் 12.

"வளைஞ்சு வரக்குள்ள வழுக்காதா சேர்?"

உயரம் பாய்கிறவருக்கு உயிரே அந்தக் கடைசி வளைவு ஓட்டம்தான். அங்கே கால் ஒரு கணம் தயங்கினால் பாய்ச்சல் போய்விடும்.

1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் எங்கள் உயரம் பாய்தல் வீரர் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். அந்த உயரத்தைப் பார்த்து வளர்ந்த சமூகம் நாங்கள்.

இரவு பஸ்ஸில் போய் இறங்கி, முகம் கழுவி, நேரே களத்துக்குப் போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்கவில்லை.

இரண்டு நாள் முந்தியே அனுப்புவோம். அந்தத் தடத்தில் கொஞ்சம் ஓடிப் பழகட்டும். தங்குமிடம், சாப்பாட்டுச் செலவை நாங்கள் சேர்ந்து பார்க்கலாம். விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.