பேர் சொல்லும் கோயில்

ஓசூரிலிருந்து கிளம்பிய பஸ் வேலூர் வந்து சேரும்போது மாலை ஐந்தரை. 2024 அக்டோபர் 29, செவ்வாய்க்கிழமை. தீபாவளிக்கு இரண்டே நாள். ஊர் முழுக்கக் கடைத்தெருவில் நின்றது. ஆட்டோ பிடித்து ஆரணி ரோட்டுப் பக்கம் எங்கள் தெருமுனைக்கு வருவதற்குள் எங்கள் கத்தோலிக்கக் கோயில் மணி அடித்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு வந்தால் நவநாள் செபம் பாதி முடிந்திருக்கும். பையோடு உள்ளே போய்ப் பின்னால் தரையில் உட்கார்ந்தேன்.

வேளாங்கண்ணிக்குப் போய்வந்தால் எழுதத் தோன்றும். பூண்டி மாதா கோயிலுக்குப் போய்வந்தாலும் தோன்றும். சொந்தப் பங்கை, அதாவது நம் தெருக் கோயிலையும் அதைச் சேர்ந்த ஜனங்களையும் பற்றி யாரும் எழுதுவதில்லை, நானும் எழுதியதில்லை. பிறந்து எட்டாம் நாள் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில் இது. வேலைக்குப் போன பிறகு பன்னிரண்டு வருடமாகத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் தலைகாட்டியிருக்கிறேன். அங்கே ஒரு வாரம் எப்படி நகர்கிறது என்று இந்த முறைதான் கூடவே இருந்து பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு. 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை அவர் இறந்தார். பதுவா நகரில் அடக்கம் செய்தது அடுத்த செவ்வாய்க்கிழமை. அதனால்தான் அந்தக் கிழமை அவருடையதாயிற்று. எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமையைவிட விதவிதமான ஜனங்கள் வருவது அன்றைக்குத்தான். நெற்றியில் விபூதியோடு ஆட்டோ ஓட்டுகிறவர், தலை நிறைய மல்லிகை வைத்த மணப்பெண், உப்பும் மிளகும் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்த பாட்டி. யாரும் யாரையும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. மெழுகுவர்த்தி ஏற்றி, சுரூபத்தின் காலைத் தொட்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறார்கள்.

நவநாள் முடிந்ததும், குருவானவருக்கு உதவியாகக் கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியாரிடம் போனேன். கோயிலுக்குப் பக்கத்து அறையில் மேசைமேல் நீள நோட்டு ஒன்று இருக்கும். நூல் கட்டிய பேனா ஒன்று அதோடு தொங்கும். பூசைக் கருத்து எழுதுகிற நோட்டு. அதைப் புரட்டினால் எங்கள் தெரு முழுவதும் அதில் இருக்கிறது. இறந்தவரின் ஆன்மா இளைப்பாற, பிறந்தநாள் நன்றிக்கு, வெளிநாட்டு வேலை கிடைக்க, ஆபரேஷன் நல்லபடியாக முடிய. ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பெயர். அப்பா பெயரைச் சனிக்கிழமைக்கு எழுதினேன். உபதேசியார் எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா பேரையும் போடுப்பா. வருஷா வருஷம் உங்கப்பா ரெண்டு பேரும் சேர்த்துத்தான் எழுதுவார்" என்றார். எனக்கு அது தெரியாது. எழுதினேன்.

புதன்கிழமை எங்கள் அன்பியத்தில் செபமாலை. அன்பியம் என்றால் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த சின்னக் குழு. எங்களுடையது முப்பது வீட்டுக்கு மேல் இருக்கும். அக்டோபர் செபமாலை மாதம் என்பதால் தினம் ஒரு வீடு என்று சுற்றி வந்திருந்தார்கள். அன்றைக்கு முறை எங்கள் வீடு. அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஒரு வருடமாகிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு. அவ்வளவுதான் நடமாட்டம். ஆனாலும் மத்தியானத்திலிருந்தே, "பாய் போதுமாடா? அந்தப் பக்கத்து வீட்டுப் பாயையும் வாங்கி வை" என்று கட்டிலில் இருந்தபடியே வேலை ஏவினார்.

ஐம்பத்துமூன்று அருள்நிறைந்த மந்திரமும் மன்றாட்டு மாலையும் முடிந்து வேதம் வாசித்தார்கள். ஒருவர் வாசிப்பார். பிறகு மனதில் பட்ட வரியை ஒருவர் மூன்று தரம் நிறுத்தி நிறுத்திச் சொல்வார், அப்புறம் மௌனம். படித்தவர், படிக்காதவர் என்றில்லாமல் எல்லோரும் ஒரு வரி சொல்லலாம். பீடி சுற்றுகிற ஒரு அக்கா சொன்ன வரி கடைசிவரை அறையில் நின்றது. அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, அந்த ஒரு வரியை மட்டும் மூன்று தரம் சொன்னார். கொண்டைக்கடலைச் சுண்டலும் டீயும் கொடுத்து அனுப்பினோம். போகும்போது எல்லோரும் அம்மாவின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார்கள்.

வியாழன் தீபாவளி. எதிர்வீட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும் வந்தன. கிறிஸ்துமஸுக்கு அந்தத் தட்டு எங்கள் வீட்டிலிருந்து கேக்கோடு திரும்பிப் போகும்.

வெள்ளிக்கிழமைதான் நான் சொல்ல வந்தது.

அந்த வருடம் நவம்பர் 1 மாதத்தின் முதல் வெள்ளியாக அமைந்தது. அனைத்துப் புனிதர் பெருவிழாவும் அன்றே. காலையில் திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தை நோயாளிகளுக்கு நற்கருணை, பூசையில் கிறிஸ்துவின் உடலாகக் கொடுக்கும் அப்பம், கொண்டுபோவார். எங்கள் பங்கில் அப்படி வீட்டோடு கிடப்பவர்கள் பதினோரு பேர். அம்மா ஏழாவது வீடு. அம்மாவுக்கு அந்த வரிசை மனப்பாடம். எந்த வீட்டில் ஃபாதர் கொஞ்சம் அதிகம் உட்காருவார், எங்கே நாய் குரைக்கும் என்பதுவரை தெரியும்.

முந்தின ராத்திரியே முக்காலியைத் துடைத்துவைக்கச் சொன்னார். காலையில் அலமாரியைத் திறந்து ஒரு வெள்ளைத் துணியை எடுக்கச் சொன்னார். அவருடைய கல்யாணச் சேலையின் முந்தானையிலிருந்து வெட்டித் தைத்தது. ஓரத்தில் இன்னும் சரிகை இருக்கிறது. அதை விரித்து, நடுவில் சிலுவையில் இயேசு இருக்கிற பாடுபட்ட சுரூபம், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு கிண்ணத்தில் செம்பருத்திப் பூ. எல்லாம் வைத்த பிறகும் துணியின் ஒரு மூலை மடிந்திருப்பதைப் படுத்தபடியே கண்டுபிடித்துச் சரிசெய்யச் சொன்னார். காபி குடிக்கவில்லை. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசம் போதும் என்று 1964-லேயே மாற்றிவிட்டார்கள். நோயாளிகளுக்கு இப்போது அதுவும் கட்டாயமில்லை. ஃபாதரும் பலமுறை சொல்லியிருக்கிறார். என் பாட்டி, ஆயா காலத்தில் நள்ளிரவுக்குமேல் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். அம்மா பழகியது அந்தப் பழக்கம். நான் வற்புறுத்தவில்லை.

ஒன்பதரைக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பின்னால் உபதேசியார். ஃபாதருக்கு என் வயதுகூட இருக்காது. கழுத்தில் தொங்கிய சின்னப் பையை நெஞ்சோடு ஒரு கையால் அணைத்தபடி, தலை குனிந்து, பேசாமல் உள்ளே வந்தார். வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்களும் அப்படியே எழுந்து நின்றார்கள். பையிலிருந்து நற்கருணைச் சிமிழை எடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற வட்ட டப்பா, மூடியில் தேய்ந்த சிலுவை. அதை வெள்ளைத் துணிமேல் வைத்தார். "இந்த வீட்டுக்குச் சமாதானம்" என்றார்.

"ஸ்தோத்திரம் சாமி" என்றார் அம்மா. மகன் வயதுள்ளவரைச் சாமி என்கிறார். அவர் அம்மா என்கிறார். இரண்டுமே எனக்குப் பொருத்தமாகத்தான் பட்டது.

அப்புறம் பூசையில் எல்லோரும் சொல்கிற அந்த வார்த்தைகள். "ஆண்டவரே, நீர் எழுந்தருளி வர நான் தகுதியற்றவன்." அம்மா எப்போதும் 'தகுதியற்றவள்' என்று மாற்றிச் சொல்லுவார். ஆயிரம் தடவை கோயிலில் இதைச் சொல்லியிருப்பேன். நற்செய்தியில் வரும் ரோமப் படையின் நூற்றுவர் தலைவன் இயேசுவிடம் தன் வீட்டைப் பற்றிச் சொன்ன சொல் இது என்பது ஒரு வீட்டுக்குள் நின்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. பெயிண்ட் உரிந்த சுவர், மருந்து டப்பாக்கள், கொடியில் காயும் துணி. இதற்குள்தான் எழுந்தருளி வந்திருக்கிறார். ஃபாதர் அம்மாவின் பெயரைச் சொல்லி அழைத்து, "கிறிஸ்துவின் உடல்" என்றார். அம்மா "ஆமென்" என்றபோது குரல் உடைந்தது. நாக்கை நீட்டி வாங்கினார். நான் டம்ளரைப் பிடித்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டவர் ரொம்ப நேரம் திறக்கவில்லை. ஃபாதரும் அவசரப்படாமல், இன்னும் நான்கு வீடு இருப்பதை மறந்தவர்போல, தரையில் முழங்காலில் இருந்தார்.

அம்மா தினமும் மாதா டிவியில் பூசை பார்க்கிறார். அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். ஆனால் டிவியில் வருகிற சாமியாருக்கு அம்மா பெயர் தெரியாது. ஒரு பங்கு ஏன் வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: அங்கே உங்கள் பெயர் தெரியும்.

என் ஆயா திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டுப் பக்கம். அங்கே லூர்து அன்னை கோயில் உண்டு. வட ஆற்காட்டின் அப்போஸ்தலர் என்று நாங்கள் சொல்லும் தராஸ் அடிகளார், பிரான்சிலிருந்து வந்த பாரீஸ் மறைபரப்புச் சபைக் குருவானவர், உழைத்த மண். 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சத்தில் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தது ஆயாவின் குடும்பம். கஞ்சிக்காகச் சேர்ந்தவர்கள் என்று சொல்பவர்கள் இன்றைக்கும் உண்டு. ஆயாவுக்கு அதில் வெட்கமே கிடையாது. "பசிச்சவனுக்குக் கஞ்சி ஊத்துறது சாமி வேலைதானே? அதுமட்டுமில்லடா, நம்ம பேரை ஒரு புஸ்தகத்துல எழுதி வச்சாங்க. அதுக்கு முன்ன நம்ம பேரை யாரு எழுதினா?" என்பார். ஞானஸ்நானப் பதிவேட்டைத்தான் அப்படிச் சொன்னார்.

சனிக்கிழமை, நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ராத்திரி பெய்த மழையில் கல்லறைத் தோட்டம் சேறாகக் கிடந்தது. அப்பாவின் கல்லறையைச் சுத்தம் செய்யக் கூடையும் துடைப்பமும் சுண்ணாம்பும் வாங்கிக்கொண்டு விடியற்காலையிலேயே போனேன். போய்ப் பார்த்தால் புல் செதுக்கி, வெள்ளை அடித்து, சிலுவையில் அப்பா பெயரைப் புதுக் கறுப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. அன்பியத்துப் பையன்கள் முந்தின நாளே வந்து, ஆள் ஊரில் இல்லாத வீட்டுக் கல்லறைகளை எல்லாம் முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் வந்திருப்பது அவர்களுக்குத் தெரியாதாம். எனக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டது. கொண்டுபோன சுண்ணாம்பைப் பக்கத்தில் யாருமில்லாத ஒரு மண்மேட்டுக்கு அடித்தேன். திருப்பலியில் அப்பா பெயரும் தாத்தா பெயரும் நீளமான பட்டியலுக்கு நடுவில் வந்தன. ஃபாதர் ஒவ்வொரு குழியாகப் புனித நீர் தெளித்துக்கொண்டு போனார். சாமந்தியும் கோழிக்கொண்டையும் வைத்து, குடைக்குள் மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டு ஜனங்கள் நின்றார்கள். பெயரில்லாத கல்லறைகளிலும் யாரோ ஆளுக்கொரு திரி ஏற்றிவைத்துக்கொண்டே வந்தார்கள்.

ஞாயிறு எட்டு மணிப் பூசை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் முக்காடிட்டு ஒரு பக்கம், வயதானவர்களுக்குப் பின்னால் நாற்காலி. செருப்பெல்லாம் வாசலில். ஆயாவின் இளமையில் குருவானவர் பீடத்தைப் பார்த்து நின்று லத்தீனில் சொல்ல, பீடச் சிறுவர்கள் அர்த்தம் தெரியாமலே 'எத் கும் ஸ்பிரித்து தூவோ' என்பார்களாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தாய்மொழிக்குக் கதவு திறந்தது. சமாதானம் சொல்லும்போது நாம் கைகூப்பி வணங்குவதுகூட 1969-இல் இந்தியாவுக்கென்று கிடைத்த அனுமதிகளில் ஒன்று. இவ்வளவு இயல்பான ஒன்றுக்கு அனுமதி வேண்டியிருந்ததா என்று இன்றைய பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

நற்கருணை மன்றாட்டில் திருத்தந்தை பெயருக்கு அடுத்து, மறைமாவட்டத்தின் தலைவரான ஆயர் பெயர் வரும். 1952-இல் தொடங்கிய எங்கள் வேலூர் மறைமாவட்டத்தில் 2020-இல் ஆயர் சௌந்தரராஜு இறந்தபிறகு நான்கு வருடம் அந்த இடம் காலியாகவே இருந்தது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்த இடத்தில் எனக்குக் காது தடுக்கும். இப்போது "எங்கள் ஆயர் அம்புரோஸ்" என்று ஃபாதர் சொன்னபோது ஒரு நிம்மதி.

அன்றைய நற்செய்தி மாற்கு பன்னிரண்டாம் அதிகாரம்: முதன்மையான கட்டளை எது என்று மறைநூல் அறிஞர் கேட்கிறார், கடவுளை முழு இதயத்தோடும், அடுத்திருப்பவரை உன்னைப்போலவும் நேசி என்று பதில் வருகிறது. ஃபாதர் மறையுரையைச் சுருக்கமாக முடித்தார்.

நன்றிச் செபத்துக்குப் பிறகு உபதேசியார் அறிவிப்புக்கு வந்தார். கல்யாண ஓலை. இன்னார் மகன், இன்னார் மகள், இந்தப் பங்கு, அந்தப் பங்கு, "இது இரண்டாம் ஓலை, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்." முன்வரிசையில் அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான், சுற்றியிருந்த பசங்க முழங்கையால் இடித்தார்கள். அப்புறம் அடுத்த வாரம் பூ வைக்க வேண்டிய அன்பியம், மறைக்கல்வித் தேர்வு, வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டம். அந்தச் சபைக்காரர்கள் வாராவாரம் தங்களுக்குள் ஒரு ரகசியப் பையைச் சுற்றவிட்டு, யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாமல் சேர்க்கிற பணத்தில் சில வீடுகளுக்கு அரிசி போகிறது. எந்த வீடுகள் என்றும் வெளியே சொல்லமாட்டார்கள்.

மட்டன் கடை வரிசையில் அரைமணி நேரம் நின்று, வீட்டுக்கு வந்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு ஓலைடா?"

சொன்னேன்.

"ரெண்டாவதா, மூணாவதா?"

"ரெண்டாவது."

"பூ எந்த அன்பியம்?"

அதையும் சொன்னேன். வாசகம் யார் வாசித்தது, பாட்டு யார் எடுத்தது, காணிக்கையைக் கொண்டுபோனது எந்தக் குழந்தைகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "மூணாவது தூண் பக்கத்துல, நாற்காலியில, அந்த டீச்சரம்மா வந்திருந்தாங்களா?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். தூண் ஞாபகம் இருந்தது. நாற்காலி காலியாக இருந்ததுபோலத்தான் தோன்றியது.

"வரலபோல இருக்கும்மா."

அம்மா கையை நீட்டினார். "போனை எடு. அவங்களுக்கு மழைன்னா முழங்கால் வீங்கும்."

நம்பரைத் தேடி எடுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் கறியைக் கழுவ அடுப்படிக்குப் போனேன்.