மார்பினும் மூச்சும்

அறுவை சிகிச்சை முடிந்த இரவு அப்பாவுக்கு மார்பின் (morphine) என்ற வலி மருந்து கொடுத்தார்கள். நர்ஸ் அடிக்கடி வந்து, வாட்சைப் பார்த்தபடி, அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணிவிட்டுப் போனார். வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு மூச்சை ஏன் எண்ண வேண்டும்?

மூளைத்தண்டில் மூச்சுக்குத் தாளம் போடும் சின்ன நரம்பு செல் கூட்டம் ஒன்று உண்டு. மார்பின் போய் ஒட்டுகிற மியூ ஏற்பி என்ற புரதம் அந்தச் செல்களிலும் இருக்கிறது. மருந்து மிகுந்தால் தாளம் தளரும், நின்றும் போகலாம்.

என்னை அதிகம் வியக்க வைப்பது நடுமூளைதான். அங்கே இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களை மார்பின் நேராகத் தூண்டுவதில்லை. காபா என்ற வேதிப்பொருளைச் சுரந்து அவற்றை அடக்கி வைத்திருக்கும் வேறு செல்களை அடக்குகிறது. சரிவில் நிற்கும் வண்டியின் பிரேக்கை விட்டது போல, டோபமின் தானாகப் பெருகுகிறது. 1992-லேயே எலி மூளையில் இதைக் காட்டிவிட்டார்கள்.

அப்புறம், பழகிய உடம்பில் மருந்தை நிறுத்தினால் மூளைத்தண்டில் உடம்பை உஷார்ப்படுத்தும் நாரட்ரினலினைச் சுரக்கும் செல்கள் கட்டுக்கடங்காமல் துடிக்கும். நடுக்கம், வியர்வை, தூக்கமில்லாத இரவுகள். இதில் தவிப்பவரை 'மன உறுதி இல்லாதவர்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

நலாக்சோன் என்ற மாற்று மருந்து அதே மியூ ஏற்பியில் உட்கார்ந்து மார்பினை வெளியே தள்ளும். சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். அன்று இரவு அதன் குப்பி ஒன்று அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.