மழைக்காலத்துக்கு முன் ஒரு ஸ்மார்ட் சார்ஜர் வாங்கிய கதை

கடலூரில் ஐப்பசி பிறந்தாலே வீட்டில் டார்ச்சைத் தேட ஆரம்பித்துவிடுவோம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடந்தபோது இந்தப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதனால் இந்த வருஷம் மழைக்கு முன்பே, வீட்டில் இருக்கிற எல்லா ரீசார்ஜ் பேட்டரிக்கும் சேர்த்து ஒரே நல்ல சார்ஜர் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் வீட்டில் இருந்த செல்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்தேன். அம்மாவின் பிபி மீட்டருக்கும் ரேடியோவுக்கும் பென்சில் செல், அதாவது ஏஏ. சின்ன டார்ச்சுக்கு அதைவிட ஒல்லியான ஏஏஏ. அப்பா விடாமல் வைத்திருக்கும், ரெண்டு கட்டை செல் (தடித்த டி சைஸ்) போடும் டார்ச். அப்புறம், தம்பி மீன்பிடிக்கப் போகும்போது தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கின் 18650 செல்கள் (18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர்).

திருப்பாப்புலியூரில் ஒரு கடையில் கேட்டதும், "இதுல எல்லா சைஸும் போடலாம் சார்" என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்கள். போடலாம்தான், ஸ்பிரிங் இழுத்து நீளத்துக்கு இடம் கொடுக்கும். ஆனால் சைஸ் பொருந்துவது வேறு, சார்ஜ் ஆவது வேறு. பென்சில் செல்லில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 1.2 வோல்ட். 18650-ல் இருப்பது லித்தியம் அயான், 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2. இரண்டுக்கும் சார்ஜ் ஏற்றும் முறையே வேறு. லித்தியத்தை 4.2 வோல்ட்டில் பிடித்து நிறுத்தி, மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். நிக்கல் செல் நிறைந்ததும் அதன் வோல்டேஜ் உச்சத்தைத் தொட்டு ஒரு சில மில்லி வோல்ட் இறங்கும். அந்தச் சின்ன இறக்கத்தைப் பிடித்துத்தான் நல்ல சார்ஜர் நிறுத்துகிறது. அந்தப் பெட்டியின் பின்பக்கத்தில் லித்தியம் என்ற வார்த்தையே இல்லை. வைத்துவிட்டு வந்தேன்.

மலிவு சார்ஜர்கள் பல, இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைத்து நிறுத்துபவை. நம் ஊருக்கு அது கொஞ்சமும் ஒத்துவராது. பாதியில் கரண்ட் போய்த் திரும்ப வந்தால் அது நேரத்தை முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். ஏற்கெனவே நிறைந்த செல்லில் மறுபடி ஏற்றிச் சூடாக்கிவிடும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜர் என்றால், கரண்ட் திரும்பிய கொஞ்ச நேரத்தில் நிறைந்ததைக் கண்டுகொண்டு நிறுத்திவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பேன். பழைய வகையில் இரண்டிரண்டாகத்தான் போட வேண்டும் என்ற தொல்லையும் உண்டு. ஜோடியில் ஒன்று நிறைந்து மற்றொன்று பாதியில் நிற்கும்.

அப்புறம் மின்னோட்டம். 2000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் ஹவர், அதாவது செல்லின் கொள்ளளவு) பென்சில் செல்லுக்கு 500 முதல் 1000 மில்லி ஆம்பியர் வரை சரி. 800 எம்ஏஎச் ஏஏஏ-வுக்கு அதே 1000-ஐக் கொடுத்தால் கை வைக்க முடியாத சூடு வரும். ரொம்பக் குறைத்தாலும் அந்த வோல்டேஜ் இறக்கம் சார்ஜருக்குப் புலப்படாது. அதனால் செல் வைக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் மின்னோட்டத்தை நாமே மாற்றிக்கொள்ளும் வசதியைத் தேடினேன். புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில் அப்படி ஒன்று கிடைத்தது: நான்கு இடம், சின்னத் திரை, யூஎஸ்பி வழியாக மின்சாரம். யூஎஸ்பி என்பதால் கரண்ட் இல்லாத நாளில் பவர் பேங்கிலோ காரிலோ செருகிக்கொள்ளலாம். ஆனால் 5 வோல்ட் 2 ஆம்பியர் என்றால் மொத்தமே 10 வாட். நான்கு 18650-ஐயும் ஒரேயடியாக வேகமாக ஏற்ற அது போதாது, மின்னோட்டம் தானாகக் குறைந்துவிடும். அவசரமில்லாத வீட்டுக்கு இது ஒரு குறையில்லை.

தம்பியின் 18650-களில் பாதுகாப்புச் சுற்று (அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறாமல் காக்கும் சின்ன மின்சுற்று) வைத்தவை 65 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் நீளமானவை. ஒரு செல்லைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். மேலே 9900 எம்ஏஎச் என்று அச்சிட்டு விற்கும் 18650-ஐ நம்பவே வேண்டாம். அந்த அளவு செல்லில் 3500-ஐத் தாண்டுவதே அரிது.

கட்டை செல்லுக்கென்று தனியாக எதுவும் வாங்கவில்லை. ரீசார்ஜ் கட்டை என்று விற்கும் பலவற்றில் உள்ளே இருப்பது பென்சில் செல் அளவு கொள்ளளவுதான். பென்சில் செல்லை உள்ளே வைத்துக் கட்டை அளவாக்கும் பிளாஸ்டிக் கூடு கிடைக்கிறது. அப்பாவின் டார்ச்சில் இப்போது அதுதான். சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் சாதாரண செல்லே போதும். அவற்றை மட்டும் மறந்தும் இந்தச் சார்ஜரில் போடக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி, ரீசார்ஜ் செல்களைத் தனி டப்பாவில் வைத்துவிட்டேன்.