நாளைய மாட்டுவண்டிச் சவாரிப் போட்டிக்கு நாங்கள் இல்லை

மூக்கு காய்ந்திருந்தது. நலமாக இருக்கும் மாட்டின் மூக்கில் எப்போதும் ஈரம் இருக்கும்.

வண்டியில் இடப்பக்கம் பூட்டும் நாம்பன் (இளங்காளை) காலையிலிருந்து அசைபோடவில்லை. தவிட்டுத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. காய்ச்சல் 40 பாகை. மாட்டுக்கு 38.5 அளவில் இருப்பதே வழக்கம்.

"நுகத்தில் பூட்டினால் ஓடிவிடும், தம்பி" என்றார் பெரியப்பா.

ஓடும்தான். அதுதான் எனக்குப் பயம். பழக்கிய மாடு நோவோடும் ஓடும், மறுக்கத் தெரியாது.

காலிலும் வாயிலும் கொப்புளம் போடும் கால்வாய் நோயாக இருந்தால் அதன் எச்சிலே போதும், விசுவமடுவிலிருந்தும் மாங்குளத்திலிருந்தும் வரும் மாட்டுச் சோடிகளுக்கெல்லாம் தொற்றிவிடும். வாயில் கொப்புளம் இன்னும் காணவில்லை. மிருக வைத்தியர் மாலையில்தான் வருவார்.

நாளை கிளிநொச்சிக்கு வண்டி ஏற்றவில்லை என்று சொல்லிவிட்டேன். பெரியப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும்.

சோடி கொண்டுபோகிறவர்கள் இன்றிரவே வாயையும் குளம்பையும் தயவுசெய்து பாருங்கள்.