பத்தொன்பது வயதுத் தாய்க்குத் துணை யார்?

ஆந்திரத்தில் தமிழ்நாட்டு எல்லையையொட்டிய நகரியைச் சுற்றியுள்ள விசைத்தறித் தெருக்களில் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டுக்குள் புழங்குகின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் மாநில எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. பள்ளிப்பட்டிலிருந்தோ திருத்தணியிலிருந்தோ இங்கு வாழவந்த பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது வழக்கம் என்பதால், அதுவரை ஆந்திரத்து ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளரின் பதிவேட்டில் இருந்தவள், வளைகாப்பு முடிந்த கையோடு தமிழ்நாட்டுக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் புதிதாகப் பெயர் கொடுக்க வேண்டியிருக்கிறது. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இது வெறும் அலைச்சல். அட்டையில் தெலுங்கில் எழுதியிருப்பதை வாசிக்கவும் தெரியாமல், வாய்திறந்து கேட்கவும் கூசுகிற பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கோ, இந்த இடைவெளியில்தான் இரும்புச்சத்து மாத்திரை நின்றுபோகிறது, இரத்த அழுத்தம் பார்க்காமல் விடுபடுகிறது. இரத்தச்சோகையும் பேறுகால வலிப்பும் எடை குறைந்த குழந்தையும் இந்த வயதில்தான் கூடுதலாக அச்சுறுத்துகின்றன.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் தாயாகிவிட்டவர்களும் கருவுற்றிருந்தவர்களும் சேர்ந்து தமிழ்நாட்டில் 6.3 சதவீதம், ஆந்திரத்தில் 12.6 சதவீதம். எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் சொந்தம்.

டூலா எனப்படும் பேறுகாலத் துணைவரைப் பற்றிப் பேசினால், நகரத்து வசதிக்காரர்கள் பணம் கொடுத்து அமர்த்திக்கொள்பவர் என்றே பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் சிகாகோவில் 1990களில் தொடங்கிய சமூக டூலா முறை வேறு வகையானது. இளம் தாய்மார் வாழும் அதே பகுதியின் பெண்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து, கர்ப்ப காலத்திலேயே வீடு தேடிச் செல்லவும், பிரசவத்தின்போது உடனிருக்கவும், குழந்தை பிறந்த பிறகும் சில மாதங்கள் தொடரவும் செய்தார்கள். அங்குள்ள இளம் ஆப்பிரிக்க-அமெரிக்கத் தாய்மார் 248 பேரை வைத்து நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், டூலாவின் துணை பெற்றவர்களில் 64 சதவீதத்தினர் தாய்ப்பால் கொடுக்க முற்பட்டனர். பெறாதவர்களில் 50 சதவீதத்தினர். ஆறு வாரத்துக்கு முன்பே வேறு உணவைப் புகட்டியவர்கள் முதல் குழுவில் 6 சதவீதம், இரண்டாவதில் 18 சதவீதம். சேனை வைப்பதும் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதும் கழுதைப்பாலைத் தேடி ஓடுவதும் இன்னும் ஓயாத நம் ஊர்களில், இந்த இரண்டாவது கணக்கே என் கவனத்தை இழுத்தது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்லும் பாட்டியை மறுத்துப் பேச, அந்த வீட்டில் ஏற்கெனவே செல்வாக்குள்ள ஒருத்தி வேண்டும். மருத்துவமனைச் சுவரொட்டியால் அது ஆகாது.

பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவரை விடலாம் என்பது நமக்குப் புதிதன்று. தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே இதற்கு வழி செய்யப்பட்டது. 2016-இல் மத்திய அரசும் அனுமதித்தது. துணைக்கு வருபவர் தானும் பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும், முழு நேரமும் இருக்கச் சம்மதிக்க வேண்டும் என்பன அந்த வழிகாட்டுதலில் உள்ளவை. யார் உள்ளே போவது என்பதை மட்டும் வீட்டுப் பெரியவர்களே முடிவு செய்கிறார்கள். மகளைவிட அதிகமாகப் பயந்துபோன அம்மா போகிறார். இல்லையேல் மாமியார் போகிறார்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தியின் பிரசவத்துக்கு, அவள் தாய்க்கு உடம்பு சரியில்லாததால் நான் உடன் போயிருந்தேன். வலி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "அத்தை, கத்தினா திட்டுவாங்களா?" என்பதுதான். நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. இடுப்பைத் தேய்த்துவிட்டேன், தண்ணீர் கொடுத்தேன், சிறிது நடக்கவைத்தேன், மருத்துவர் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் தனியாகக் கிடந்த பெண்ணிடம் உயர்ந்த குரல் எங்கள் கட்டிலருகே வந்ததும் தணிந்ததைக் கவனித்தேன். தொடர்ந்து ஒருவர் துணையிருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, அறுவைச் சிகிச்சையும் குறைகிறது என்று 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு கூறுகிறது. அன்று கண்ணால் பார்த்த பிறகு, அது எனக்கு வியப்பளிக்கவில்லை.

பதினெட்டு நிரம்பாத பெண் என்றால் நிலைமை சிக்கலானது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி மருத்துவமனை காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அதற்கு அஞ்சியே வயதைக் கூட்டிச் சொல்வதும், பரிசோதனைக்கே அழைத்துப் போகாமல் இருப்பதும் நடக்கின்றன. துணைக்கு நிற்பவள் இதை மூடிமறைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே பெண்ணுக்குச் சொல்ல வேண்டும். கருக்கலைப்பை நாடும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் அந்தத் தகவலில் அவளுடைய அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவுபடுத்தியதை எங்கள் பக்கத்தில் அறிந்தவர்கள் மிகக் குறைவு.

இதையும் ஆஷா பணியாளர் தலையிலேயே கட்டிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தெருத் தெருவாகக் கணக்கெடுக்கிறவர் ஒரு பெண்ணோடு இரவு முழுவதும் எப்படி உட்கார்ந்திருப்பார்? இரண்டு மொழியும் தெரிந்த, பிள்ளை பெற்ற பெண்கள் எங்கள் டுவாக்ரா மகளிர் சுயஉதவிக் குழுவிலேயே இருக்கிறார்கள். கூட்டத்தில் இதைப் பேசியபோது எழுந்த முதல் கேள்வி, ஆஸ்பத்திரியில் இரவு தங்கினால் மறுநாள் தறிக்கூலியை யார் தருவார்கள் என்பது. அதற்கு வழி செய்யாமல் பயிற்சிக்குப் பெயர் சேர்க்க வேண்டாம் என்று நானும் சொல்லியிருக்கிறேன்.