முட்டம் கடலோரத்தில் கிறிஸ்துமஸ்

டிசம்பரில் நாகர்கோவிலிலிருந்து முட்டம் பக்கம் போவதானால் பொழுது சாயும் நேரத்துப் பேருந்தில் ஏறுங்கள். இருட்ட இருட்ட வீட்டுக்கு வீடு நட்சத்திரம் எரியத் தொடங்கும். ஓட்டு வீடு, மாடி வீடு, பெட்டிக்கடை, தென்னை மரம், எதையும் விடமாட்டார்கள். ஈரோட்டில் வளர்ந்த எனக்குக் கிறிஸ்துமஸ் என்றால் பள்ளியில் கொடுக்கும் கேக்கும் விடுமுறையும்தான். ஊரே சேர்ந்து பண்டிகைக்குத் தயாராவதை இங்கேதான் பார்த்தேன்.

முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவ ஊரில், சாயங்கால வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கரைக்கு இந்த மதம் புதிதல்ல. 1544இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கே ஊர் ஊராக வந்து, ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாகத் தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். டிசம்பர் 3 அவருடைய திருநாள். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடிந்ததுமே பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் வந்துவிடும். அப்புறம் பாடப்புத்தகத்தை யார் திறப்பார்கள்?

எங்கள் புத்தகத்தில் இருந்த கிறிஸ்துமஸ் பாடத்தில் பனியும் புகைபோக்கியும்தான். பிள்ளைகள் அதை ஒப்பித்தார்கள், அவ்வளவுதான். சரி, நாமே ஒரு குடில் கட்டுவோம், பார்க்க வருகிறவர்களுக்கு அதை ஆங்கிலத்தில் விளக்குவோம் என்றேன். வகுப்பே எழுந்து நின்றுவிட்டது.

பெண் பிள்ளைகள் சிரட்டைகளில் மண் நிரப்பி நெல் விதைத்தார்கள். பண்டிகைக்குள் முளைத்து, விரல் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நிற்க வேண்டுமே, அதனால் தினமும் தண்ணீர் தெளிக்க முறை வைத்துக்கொண்டார்கள். பையன்கள் கடற்கரையிலிருந்து மணல் சுமந்து வந்தார்கள். வேலிக்குக் கிழிந்த வலை. மூங்கில் சிம்புகளைக் கட்டி, வண்ணத்தாளை மைதாப் பசையில் ஒட்டி நட்சத்திரம். மாட்டுத் தொழுவமும் ஆடுகளும் தயாரான பிறகு, ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தெர்மோகோலில் வள்ளம் செய்து கொண்டுவந்தான். வகுப்பில் வாயே திறக்காதவன் அவன். வள்ளத்தை எங்கே வைப்பது என்று கேட்டேன்.

“ஆடு மேய்க்கிறவங்க வந்தா மீன் பிடிக்கிறவங்களும் வந்திருப்பாங்கல்லா மிஸ்?”

தொழுவத்துக்கு நேர் எதிரே, நீலத்தாள் விரித்துக் கடல் உண்டாக்கி, அதில் வள்ளத்தை வைத்தோம். பார்க்க வந்தவர்கள் முன்னால் அவன் தலையைத் தூக்கி நின்று சொன்னான்: “திஸ் இஸ் அவர் போட். இட் இஸ் கமிங் ஹோம்.” அவனுடைய அப்பா பின்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இரண்டு வாக்கியங்களை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்வதற்குத் தன்னுடையது என்று ஒன்று இருந்தால் பிள்ளைகளுக்கு மொழி தானாக வருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரவில் கேரல் பாடப் போனோம். மேளம், பலூன், முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா, பின்னால் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும். வீட்டுக்கு வீடு முந்திரிக்கொத்து கிடைத்தது. சிறுபயறை வறுத்துப் பொடித்து, கருப்பட்டிப் பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கிப் பொரித்தது. “தின்னு மக்களே” என்று பாட்டிமார் என் கையிலும் திணித்தார்கள்.

நட்சத்திரம் இல்லாத வீடுகளும் இருந்தன. அந்த வருஷம் சாவு நடந்த வீடுகள். அங்கே மேளத்தை நிறுத்திவிட்டு வாசலில் ஜெபம் மட்டும் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு யாரும் ‘சும்மா இரு’ என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 30 அன்று அடித்தது. கடலுக்குப் போன பலர் திரும்பவே இல்லை. அந்த வருஷம் இந்தக் கரையோர ஊர்கள் பலவற்றில் பண்டிகையே இல்லை.

நள்ளிரவுத் திருப்பலியில் மணி அடித்து, குழந்தை இயேசுவைக் குடிலில் வைத்ததும் வெளியே வெடிச்சத்தம் காதைப் பிளந்தது. புதுச்சட்டை கசங்கக் கசங்கப் பிள்ளைகள் ஓடினார்கள். ஆனால் இங்கே கிறிஸ்துமஸுக்கு மறுநாள் டிசம்பர் 26. 2004இல் சுனாமி வந்த நாள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று எத்தனையோ ஊர்களில் காலையிலேயே மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போகிறார்கள். என் மாணவர்கள் யாரும் அப்போது பிறக்கவில்லை. ஆனாலும் தங்கள் வீட்டில் போனவர்கள் பெயர் அவர்களுக்குத் தெரியும்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் வரை குடிலைக் கலைக்கமாட்டோம். அதற்குள் இந்தப் பக்கம் வருகிறவர்கள் எங்கள் வகுப்புக்கும் வாருங்கள். சும்மா படம் மட்டும் எடுத்துக்கொண்டு போகாமல், பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் நாலு கேள்வி கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், அவசரப்படுத்தாதீர்கள். முதலில் வள்ளத்தைப் பற்றிக் கேளுங்கள்.