கரண்ட் போய் வந்தால் மட்டும் தொங்கும் பீகிள்போன்: ரேமிலிருந்து கெர்னல் லாக்கைத் தோண்டி எடுத்தது

அலங்காநல்லூர்ப் பக்கம் கிணற்று நீர்மட்டத்தைப் பதிவு செய்யும் பீகிள்போன் பிளாக் (லினக்ஸ் ஓடும் சின்னக் கணினிப் போர்டு) ஏன் தொங்குகிறது என்பது கடைசியில் பிடிபட்டுவிட்டது! மேசையில் வைத்து ரீசெட் அடித்தால் ஒழுங்காக எழும். தோட்டத்தில் கரண்ட் போய்த் திரும்பினால் மட்டும் சீரியலில் 'ஸ்டார்ட்டிங் கெர்னல்...' வரியோடு அமைதி. பவர் சப்ளை, மெமரி கார்டு இரண்டையும் மாற்றியும் அதே கதைதான்.

இந்த மாதிரி நேரத்தில் முதலில் பார்க்க வேண்டியது யூஸ்ஆர்0 எல்இடி. மெயின்லைன் கெர்னலின் டிவைஸ்ட்ரீயில் (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) அதற்கு ஹார்ட்பீட் டிரிகர்தான் இயல்பு. 'லப்-டப்' என்று இரட்டைத் துடிப்பாக மின்னினால் கெர்னல் உயிரோடு இருக்கிறது, பேசத்தான் வழியில்லை. இங்கே துடித்தது. ஆக, இமேஜ் விரியவில்லை, டிவைஸ்ட்ரீ கெர்னல் மேல் விழுந்துவிட்டது போன்ற சந்தேகங்கள் அத்தனையும் அங்கேயே அடிபட்டுப் போகின்றன. கெர்னல் 82000000, டிவைஸ்ட்ரீ 88000000 என்ற வழக்கமான விலாசங்களில் ஏற்றினால் இரண்டுக்கும் நடுவே 96 எம்பி இடைவெளி இருக்கிறது, மோத வழியே இல்லை.

பேச்சு வராதபோது லாக்கை எப்படிப் படிப்பது? இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எர்லிகான் (கெர்னலை ஆரம்பத்திலிருந்தே சீரியலில் பேசவைக்கும் ஆப்ஷன்) போடு என்று சொல்லிவிட்டுப் பலரும் நகர்ந்துவிடுகிறார்கள். எர்லிகான் போட்டால் அது வேறொரு பூட். தொங்கிய பூட்டில் நடந்தது என்ன என்பது அந்த ரேமில்தான் இருக்கிறது. எஸ்1 என்ற ரீசெட் பொத்தான் வார்ம் ரீசெட் (பவர் போகாத ரீசெட்) மட்டுமே தருவதால் டிடிஆர் ரேமின் உள்ளடக்கம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அழுத்தியதும் யூ-பூட்டின் (கெர்னலை ஏற்றும் பூட்லோடர்) கவுண்ட்டவுனை ஸ்பேஸ் தட்டி நிறுத்த வேண்டும். அதே கெர்னல் பில்டின் சிஸ்டம்.மேப் கோப்பில் (கெர்னலுக்குள் எது எந்த விலாசத்தில் என்ற பட்டியல்) முன்னால் இரண்டு அண்டர்ஸ்கோரோடு வரும் 'லாக்_பஃப்' பெயரைத் தேடி, எதிரே உள்ள விலாசத்தை எடுங்கள். வேறு பில்டின் மேப் உதவாது, ஒரு கான்ஃபிக் மாறினாலே விலாசம் நகர்ந்துவிடும். அந்த விலாசம் 'சி' எழுத்தில் தொடங்கும் விர்ச்சுவல் விலாசம். இந்தப் போர்டில் ரேம் 80000000-இல் ஆரம்பிப்பதால் ஹெக்ஸில் 40000000 கழித்தால் ஃபிசிக்கல் விலாசம் வந்துவிடும். பிறகு யூ-பூட்டில் 'எம்டி.பி', விலாசம், 8000. அதாவது 32 கேபி. பூட் லாக்குக்கு அது போதும், 115200 வேகத்தில் கால் நிமிடத்துக்குள் ஓடி முடிந்துவிடும். வலது பக்க ஆஸ்கி பத்தியை மட்டும் படியுங்கள்.

இதில் இரண்டு சங்கடம் உண்டு. 5.10 முதலான கெர்னல்களில் நேர முத்திரை தனி இடத்தில் இருப்பதால் இந்தப் பஃபரில் தெரியாது, ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் சில குப்பை பைட்டுகளும் வரும். இன்னொன்று, தொங்கிய நேரத்தில் சில வரிகள் எல்2 கேஷிலேயே இருந்து ரீசெட்டில் அழிந்திருக்கலாம். இந்தப் போர்டின் பிராசஸரான ஏஎம்335எக்ஸில் அது 256 கேபி. அதனால் லாக் நடுவே ஓட்டை இருந்தால் பதற வேண்டாம், திரும்பத் தொங்கவிட்டு இன்னொரு தடவை எடுங்கள்.

கிடைத்தது இரண்டு வரி, இரண்டும் சொக்கத்தங்கம். ஒன்று கமாண்ட் லைன்: கன்சோல்=டிடிஒய்ஓ0, ரூட்=எம்எம்சிபிஎல்கே0பி2, ரூட்வெயிட். மற்றது 'வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்'. கார்டில் இருக்கும் புது யூ-பூட் டிடிஒய்எஸ்0-வும் பார்ட்யூயூஐடி என்ற பார்ட்டிஷன் அடையாளமும்தான் அனுப்பும். ஆகவே இதை அனுப்பியது வேறு யூ-பூட், போர்டிலேயே பதிந்த ஈஎம்எம்சி மெமரியில் கிடக்கும் பழசு.

எஸ்2 என்ற பூட் பொத்தானை பூட்ராம் (சிப்புக்குள்ளேயே இருக்கும் முதல் நிரல்) பார்ப்பது பவர் ஏறும் அந்தக் கணத்தில் மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டு பவர் கொடுத்தால் கார்டிலிருந்து எழும், பிறகு எஸ்1 எத்தனை தடவை அடித்தாலும் கார்டுதான். கரண்ட் போய் வரும்போது எஸ்2-வைப் பிடிக்கத் தோட்டத்தில் யார் இருக்கிறார்கள்? பூட் வரிசை முதலில் ஈஎம்எம்சிக்குப் போய், அங்குள்ள பழைய யூ-பூட் கார்டிலுள்ள புதுக் கெர்னலைத் தன் பழைய ஆர்கியூமென்ட்டோடு ஏற்றிவிடுகிறது. டிடிஒய்ஓ பழைய ஓமேப் சீரியல் டிரைவர் வைத்த பெயர். 8250-ஓமேப் டிரைவரில் அது டிடிஒய்எஸ், பெயரை மாற்றித் தரும் 'டிடிஒய்ஓ ஃபிக்ஸப்' கான்ஃபிக் இல்லாவிட்டால் சீரியல் ஊமை. அதோடு, எம்எம்சி புரோப் (கார்டையும் ஈஎம்எம்சியையும் கெர்னல் கண்டறிவது) இப்போது ஒரே சமயத்தில் இணையாக நடப்பதால், டிவைஸ்ட்ரீயில் அலையாஸ் இல்லையென்றால் 0, 1 எண்கள் இடம் மாறலாம். ரூட்வெயிட் இருப்பதால் பேனிக்கும் வராது, காலத்துக்கும் காத்திருக்கும்.

எம்எம்சி எண்ணை நம்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எம்பிஆர் பார்ட்டிஷன் பட்டியல் உள்ள கார்டில் பார்ட்யூயூஐடி என்பது எட்டு ஹெக்ஸ் இலக்க டிஸ்க் அடையாளமும் இரண்டாம் பார்ட்டிஷனைக் குறிக்கும் '-02'வும், அவ்வளவுதான். இன்னிட்ராம்எஃப்எஸ் (ரூட்டுக்கு முன் ரேமில் ஏறும் தற்காலிக ஃபைல்சிஸ்டம்) இல்லாமலே கெர்னலுக்குப் புரியும். ஃபைல்சிஸ்டத்தின் வெறும் யூயூஐடிக்கு அந்த வசதி இல்லை.

நிவாரணம்: கார்டிலிருந்து எழுந்து, ஈஎம்எம்சியின் முதல் 10 எம்பியை 'டிடி' கொண்டு சுழியமாக்குவது. எது ஈஎம்எம்சி என்பதற்கு, பெயரோடு 'பூட்0' ஒட்டிய டிவைஸ் கோப்பு எதற்கு இருக்கிறதோ அதுதான், கார்டுக்கு அது வராது. ஈஎம்எம்சியில் பூட்லோடர் இல்லாவிட்டால் பூட்ராம் தானாகக் கார்டுக்கு வரும். மேசையில் ப்ளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாயிற்று, எஸ்2 தொடாமலே எழுகிறது. தோட்டத்துப் போர்டில் இன்னும் செய்யவில்லை.

அடாப்டரைப் பற்றி ஒரு வார்த்தை. மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் வாங்கப் போகிறவர்கள் 5 வோல்ட், 2 ஆம்பியர், நடுமுனை பாசிட்டிவ் என்று லேபிளைப் படித்து வாங்குங்கள். 12 வோல்ட் ரூட்டர் அடாப்டருக்கும் பெரும்பாலும் அதே அளவு ப்ளக்தான், ஏமாந்துவிடாதீர்கள். யூஎஸ்பி-டிடிஎல் கன்வெர்ட்டரில் ஜம்பர் 3.3-இல் இருக்கிறதா என்றும் பாருங்கள், இந்தச் சீரியல் 3.3 வோல்ட் மட்டத்துக்கானது.

அடுத்து பேட்டரி. போர்டிலுள்ள டெஸ்ட் பாயிண்ட்களில் டிபி5, டிபி6 இரண்டையும் சேர்த்து ஒரு 18650 செல்லின் பாசிட்டிவ், டிபி8-இல் நெகட்டிவ், டிபி7-க்கும் டிபி8-க்கும் நடுவே 10 கிலோ ஓம். பேட்டரியில் ஓடும்போது யூஎஸ்பி ஹோஸ்ட்டுக்கு 5 வோல்ட் வராது, ஆகவே இப்போது யூஎஸ்பியில் தொங்கும் மோடத்தை யூஆர்ட் (சீரியல் போர்ட்) மாடலாக மாற்ற வேண்டும். அதற்கு யூஆர்ட்4 காலியாக இருக்கிறது.